காலேஜுக்கு ஆகும்

ஊரார் ஃபிரிட்ஜை எல்லாம் குளிர வைக்கும் மெக்கானிக்கின் வீட்டில், கம்ப்ரசர் கெட்டுப்போன ஃபிரிட்ஜில் துணிதான் மடித்து வைக்கப்பட்டிருந்தது. புதுசு வாங்கச் சொல்லி மனைவி கெஞ்சினால், "அந்தக் காசு பொண்ணு காலேஜுக்கு ஆகும்" என்று வாயை அடைத்துவிடுவார். மகள் கேட்ட சைக்கிளுக்கும் அதே பதில், பள்ளிச் சுற்றுலாவுக்கும் அதே பதில்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பெருமையாகக் கேட்டார்: "எந்தக் காலேஜும்மா?"

"எதுவும் வேண்டாம்ப்பா. அந்தப் பேரைக் கேட்டாலே எரிச்சலா வருது. வேலைக்குப் போய் முதல்ல ஒரு சைக்கிள் வாங்கிக்கிறேன்."

மனைவி மேல் பாய்ந்தார் மெக்கானிக். "யாருக்காகடி இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்தேன்?"

மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டாள்.

"நாளைக்கே கம்ப்ரசர் வாங்கிட்டு வாங்க."