வாப்பாவின் பச்சைக் கட்சி

இன்று கல்முனை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த தம்பி ஒருவர் ஃபோனில் எதையோ வாசித்துவிட்டு, அண்ணன் முறை வைத்து என்னிடம் சொன்னார்: "நாம எந்தக் கட்சி எண்டு மூளைதான் முடிவெடுக்குதாம், காக்கா."

எனக்கு வாப்பாவின் நினைவு வந்தது.

கலியாணம் முடித்தால் எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவார். வாப்பாவும் உம்மாவின் வீட்டுக்கு வந்து, அந்த வீட்டுக்காரர் எல்லோரையும் போல நீலக் கட்சிக்கே வாக்களித்து வந்தார்.

எண்பதுகளில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. எங்கள் பெயர்கள்கூட மறந்துபோயின. தேர்தல் நேரம், உம்மாவோடு பிறந்த மாமா வாசலில் நீலக்கொடி கட்டினார்.

வாப்பா பார்த்துவிட்டு, "ஆர்ர ஊட்டுக் கொடி இது? நாம பச்சையல்லோ?" என்றார்.

மாமா முகம் சிவந்தார். உம்மா மட்டும் வாப்பாவின் தலையைத் தடவியபடி, "இவ்வளவு காலமும் எனக்காகத்தான் நீலத்துக்குப் போட்டிரிக்காரு" என்றார்.

மூளை பச்சைதான், தம்பி. கைதான் உம்மாவின் பக்கம்.

உங்கள் வீட்டில் யாருடைய கை, யாருடைய கட்சி?