தண்ணீரில் சுருட்டிய குழாய்கள்

எதையும் பாதி கேட்டு முழுதாக நம்பிவிடுவதில் நான் கெட்டிக்காரி. எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒட்டவைத்து, "எங்க, இழுங்க பார்ப்போம்" என்றார். யார் இழுத்தும் வரவில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும், அந்த விசைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார்.

அப்போது சித்தி, சித்தப்பாவோடு சண்டை போட்டுவிட்டு விஸ்வநத்தத்திலிருந்து திருத்தங்கலுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். "என் கையால சம்பாதிச்சுத் தின்னுக்கிடுவேன்" என்று ஒரு வெடி கம்பெனிக்குக் காகிதக் குழாய் சுருட்டும் ஆர்டர் பிடித்தாள். முதல் லோடு சனிக்கிழமை சாயங்காலம் வேனில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பழையபடி விஸ்வநத்தம்தான் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கென்று பார்த்துப் பசை தீர்ந்துபோனது. சித்தி மைதா வாங்கக் கடைக்குப் போன நேரத்தில், மிச்சத் தாளையெல்லாம் நான் வெறும் தண்ணீர் தொட்டுச் சுருட்டி வெயிலில் வைத்தேன். ஈரத்தில் கச்சிதமாகத்தான் நின்றன. சித்தி திரும்புவதற்குள் காய்ந்து, கொட்டாவி விடுவதுபோல ஒவ்வொன்றாக வாய் பிளந்துவிட்டன. தண்ணீர் ஆவியானால் பிடியும் போய்விடும், பசையிலோ தண்ணீர் போனாலும் மாவு தங்கிப் பிடிக்கும் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்!

"எம்புட்டுத் தாளுடி! யாரு சொன்னா உனக்கு?"

"டீச்சர்தான் சித்தி... மூலக்கூறு இழுத்துப் பிடிச்சுக்கிடும்னாங்க."

"அப்ப உங்க டீச்சரையே வந்து லோடு ஏத்தச் சொல்லு!"

அந்நேரம்தான் சித்தியைக் கூட்டிப்போகச் சித்தப்பா பைக்கில் வந்து இறங்கினார். லோடு கெட்டால் அவருக்குத்தான் லாபம். மனிதரோ பசை காய்ச்சி, உட்கார்ந்து, பிரிந்த தாளையெல்லாம் மறுபடி சுருட்ட ஆரம்பித்தார். சித்தி பசைச்சட்டியை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

வேன் வந்தது. லோடு ஏறியது. சித்தப்பா கையைக் கழுவி, "வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தனியாகவே கிளம்பினார்.

"சாப்பிடாமப் போறாரு பாரு அந்த மனுசன்" என்று சித்தி என்மேல் எரிந்து விழுந்தாள்.

"நீங்க கூப்பிட்டிருக்கலாம்ல?"

"வாய் ரொம்பத்தான் நீளுது உனக்கு."

கூட்டிப்போக வந்தவர், அவள் போக வேண்டாதபடி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு ஏன் போனார்? ஜெயித்த சித்தி ஏன் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணில் பசை பட்டுவிட்டதாக்கும் என்று, ஓடிப்போய் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினேன்.