பேனா நிற்கக் கூடாது

மனுவில் செந்தமிழ்ச்செல்வி முதலில் வெட்டுவது, 'நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம்' என்ற வரியை. கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் நிழலில், ஆட்சியர் மனு வாங்கும் திங்கள்தோறும் காலை எட்டரைக்கு மடக்கு மேசையைப் போட்டு உட்காருகிறாள். வருகிறவர்கள் பிறந்த கதையிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவள் கேட்டுக்கொண்டே பாதியை விட்டுவிடுவாள், மீதியை வரிசைப்படுத்துவாள், அவர்கள் சொல்ல மறந்ததைத் தானே கேட்டுச் சேர்ப்பாள். கருணாபுரத்துப் பெரியம்மாள் விதவை உதவித்தொகைக்காக வந்து அரை மணி நேரம் பேசினார். எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது பதினோரு வரிதான் இருந்தது.

"இன்னாம்மா, நான் சொன்னது இன்னும் ஜாஸ்தியாச்சே?"

"நீங்க சொன்னது அழுவுறதுக்குங்கம்மா. இது ஆபீசுக்கு."

மூன்றாம் மாதம் உத்தரவு வந்தது. செல்வி எழுதினால் திரும்பி வருவது கம்மி என்று ரிஷிவந்தியம் வரைக்கும் பேச்சு.

வயது முப்பத்தெட்டு. வீடு சங்கராபுரத்தில். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. கணவர் தங்கதுரை கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறார். அவள் கண்ணில் பட்ட பிழை பிழையாகவே இருக்க முடியாது. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளைச் சிவப்பு மையில் திருத்திவிட்டுத்தான் அலமாரியில் வைப்பாள். நாத்தனார் மகள் கல்யாணத்தில் அப்படி நான்கு பிழைகளைத் திருத்தி, அதை நாத்தனாரே பார்த்துவிட்டதில், ஒரு வருஷம் போக்குவரத்து இல்லை. "நாலு தப்பு இருந்துச்சு, நான் இன்னா பண்றது?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறாள்.

இந்தக் கையெழுத்தைத் தேடிக்கொண்டுதான் பேராசிரியர் அரங்கநாதன் வந்தார். அரசு கல்லூரி ஒன்றில் மாற்றுத்திறனாளி மாணவர் உதவிப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்றால் ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பீரோ. பீரோ நிறையப் பிரெய்ல் புத்தகங்கள் வந்து இறங்கியிருந்தன. அத்தனையும் வணிகவியல். வணிகவியலில் பார்வையற்ற மாணவர் யாரும் இல்லை. சாவியை மட்டும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். பார்வையற்ற மாணவர் பல்கலைக்கழகத் தேர்வு எழுத வேண்டுமானால் அவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மாணவரைவிடக் கம்மியாகப் படித்திருக்க வேண்டும். உங்கள் படிப்பு என்னவென்று கேட்டார். பிளஸ் டூ என்றாள். "ரொம்ப நல்லது" என்றார். அவள் படிப்பை அதுவரை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

மாணவன் பெயர் ஜீவா. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் ஊர். பிறவியிலேயே பார்வை கிடையாது. பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு. கூடப் படிக்கிறவர்கள் பாடத்தை வாசித்துக் கைப்பேசியில் பதிவுசெய்து கொடுப்பார்கள். அவன் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பான். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குளவி பாடம் நடத்துவதுபோல இருக்கும்.

அவனுக்கு ஒரு தாள் அரியர். சென்ற ஆண்டு அவனுக்கு எழுதிய உறவுக்காரப் பையன், பாவம் பார்த்து, அவன் சொன்னது போதாதென்று தன் சரக்கையும் சேர்த்து எழுதிவிட்டான்.

"அவன் நல்லாத்தான் எழுதினானாம். நான்தான் பெயிலு" என்றான் ஜீவா. பிறகு தன் நிபந்தனையைச் சொன்னான். "நான் சொல்றத மட்டும் எழுதுங்கக்கா. தப்புன்னா தப்பாவே."

செல்வி சரி என்றாள். எவ்வளவு பெரிய விஷயத்துக்குச் சரி சொல்லிவிட்டோம் என்று முதல் தேர்விலேயே தெரிந்தது.

தரைத்தள அறை ஒன்றில் அவர்கள் இருவரும், கண்காணிப்பாளராகக் கௌரவ விரிவுரையாளர் சந்தியாவும் மட்டும் இருந்தார்கள். இந்திய அரசமைப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு என்றான் ஜீவா. செல்வியின் பேனா நின்றது. ஒரு மூச்சு நேரம்தான்.

அவன் தலையைச் சாய்த்தான். "தப்பாக்கா?"

சந்தியா நிமிர்ந்து பார்த்தார்.

"அம்பது" என்று மெல்லச் சொன்னான் ஜீவா. பிறகு தலையை அசைத்தான். "வேணாம். அம்பத்திரண்டுன்னே எழுதுங்க. பேனா சொல்லிக் குடுத்தத நான் எழுதக் கூடாது."

எழுதினாள். வெளியே வந்ததும் அவன் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான். "பேனா நிக்காம எழுதுங்கக்கா. நின்னா எனக்குக் கேக்குது."

அடுத்த ஒரு மாதம் செல்வி பிழையாக எழுதப் பழகினாள். சமையலை முடித்ததும் பழைய நோட்டில், தெரிந்தே தப்பான ஆண்டுகளை, தப்பான ஊர்களை, வேகம் குறையாமல் எழுதுவாள். எட்டிப் பார்த்த தங்கதுரை, காந்தி பிறந்தது கும்பகோணத்தில் என்று இருப்பதைப் படித்துவிட்டு, உடம்பு கிடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவள் எழுதிக்கொண்டே தலையாட்டினாள். முதல் வாரம் கை வலித்தது. மூன்றாம் வாரம் கை தானாக ஓடியது.

அரியர் தாள் கடைசியாக வந்தது. அது தேறினால்தான் பி.எட். சேர முடியும். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி, அப்பா பொன்னுரங்கத்தோடு மரவள்ளிக் காட்டில் உட்கார்ந்திருப்பதுதான் என்று அவன் சாதாரணமாகச் சொன்னான்.

மூன்று மணி நேரத் தேர்வு, அவனுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். மூன்று மணி நேரம் நன்றாகவே போனது. பிறகு வேலூர்ப் புரட்சியின் காரணங்களைக் கேட்ட கேள்வி வந்தது. ஜீவா முழுமூச்சாக ஆரம்பித்தான். கொழுப்புத் தடவிய தோட்டாக்கள், மீரட், டெல்லி நோக்கி நடந்த சிப்பாய்கள். எல்லாம் அரை நூற்றாண்டு கழித்து வடக்கே நடந்தவை. முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. திருத்தி எழுத விரல் துடித்தது. ஒன்றரைப் பக்கம் ஓடியது விடை. பேனா எங்கும் நிற்கவில்லை, மெதுவாகவும் ஆகவில்லை. உள்ளங்கை வியர்த்து விடைத்தாள் ஓரம் நனைந்ததால் அடியில் கைக்குட்டையை வைத்துக்கொண்டாள். சந்தியா வந்து பார்த்தார், அந்தப் பக்கத்தைப் படித்தார், போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

அடுத்த கேள்வி மைசூர்ப் போர்களைப் பற்றியது. ஜீவா சொல்லிக்கொண்டே போனான். திப்பு சுல்தான் ஆயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பதில் போரில் இறந்தார் என்றான். பத்து ஆண்டு பிசகு. அவள் எழுதினாள். அவர் பிள்ளைகளைக் கொண்டுபோய் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள் என்றான். 'வேலூர்' என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

செல்வி பேனாவைத் தாளிலேயே வைத்துக் காத்திருந்தாள்.

"அக்கா, முன்னாடி கேள்விக்கு எழுதுனது எவ்ளோ இருக்கும்?"

"ஒன்றரைப் பக்கம்."

"எல்லாத்தையும் அடிங்க. அது வேற. மீரட்டு வேற, வேலூரு வேற. டைம் எவ்ளோ இருக்குது?"

அதைச் சொல்ல விதி இடம் கொடுக்கிறது. "இருபத்திரண்டு நிமிஷம்" என்றாள்.

அவள் குறுக்கே கோடு போட்ட சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். புதுத் தலைப்பாகை, தாடி எடுக்கச் சொன்ன உத்தரவு, நெற்றிக்குறிக்குத் தடை, கோட்டைக்குள் இருந்த திப்புவின் பிள்ளைகள். இரட்டை வேகத்தில் கேட்டதை இரட்டை வேகத்திலேயே சொன்னான். அத்தனை வேகமாக அவள் எந்த மனுவையும் எழுதியதில்லை. சந்தியா தாளை வாங்கக் கை நீட்டியபோது கடைசி வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி விழுந்தது.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. நாற்பது எடுத்தால் தேர்ச்சி. ஜீவா நாற்பத்து நான்கு எடுத்திருந்தான். இப்போது பி.எட். படிக்கிறான். அரங்கநாதன் இந்த ஆண்டு செல்வியிடம் மூன்று மாணவர்களை ஒப்படைத்திருக்கிறார். தபாலில் ஒரு டிகிரி படியுங்களேன் என்று யாராவது சொன்னால், படித்துவிட்டால் இவர்களுக்கு எழுத விடமாட்டார்கள் என்கிறாள். அதை வருத்தமாகச் சொல்கிறாளா பெருமையாகச் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆனால் தேர்வு முடிந்த அன்று அந்த முடிவெல்லாம் யாருக்கும் தெரியாது. ஜீவாவை வெள்ளிமலை பஸ்ஸில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, அவள் சங்கராபுரம் பஸ்ஸைப் பிடித்தாள். ஜன்னல் இருக்கை கிடைத்தது. கண்டக்டர் கொடுத்த இலவச டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, கூட்டம் தன்னைப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, டிக்கெட்டின் பின்பக்கம், பஸ் குலுங்கக் குலுங்க, 'திப்பு சுல்தான் இறந்தது 1799' என்று எழுதினாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு அதைச் சின்ன உருண்டையாக உருட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.