சத்தம் கேட்காத அறை

ஈர வேட்டிகளிலிருந்து சொட்டும் கடல்நீரின் உப்பு வாடைதான் எனக்கு ஐப்பசி மாதம். எழுபதுகளில் திருச்செந்தூருக்குச் சஷ்டி விரதம் இருக்க வந்தவர்கள் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் துணி காயப்போட்டார்கள். அந்த ஆறு நாளும் அது அவர்கள் வீடு. லாட்ஜுகள் கொஞ்சம்தான் என்பதால் பூக்காரர், ஜட்கா வண்டிக்காரர், சங்குமாலை விற்பவர், "சில்லுக்கருப்பட்டி" கடை வைத்திருந்த எங்கள் அப்பா என்று ஊரில் பாதிப்பேர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அடுப்படிக்குள் ஒடுங்கிக்கொள்வார்கள். "நமக்கு வயலுமில்ல, வள்ளமுமில்ல, சாமி கும்பிட வாரவியதான் வெள்ளாம" என்பார் அப்பா, அலுத்துப்போன குரலில்.

எனக்குப் பத்து வயதான வருஷம், அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். "அதுக்கு இன்னும் இருவது நாள் கெடக்கு" என்று சொல்லி, வழக்கமாக வரும் கோவில்பட்டிக் குடும்பத்துக்கு முன்னறைகளைக் கொடுத்துவிட்டாள் அம்மா. ஐந்தாம் நாள் காலையிலேயே வலி வந்துவிட்டது. வீட்டில் பிள்ளை பிறந்தால் விரதக்காரர்களுக்குத் தீட்டு. அவர்கள் மூட்டையைக் கட்டிவிடுவார்கள், வாடகைப் பணத்தில் மழைக்காலத்துக்கு நாங்கள் வாங்கவிருந்த அரிசியும் அவர்களோடு போய்விடும். அதனால் மருத்துவச்சி கொல்லை வாசல் வழியாக வந்தாள். விறகுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவே படுத்திருந்த அக்காவின் வாயில் அம்மா முந்தானையைச் சுருட்டி வைத்து, "ஏளா, சத்தங் காட்டாத, இன்னைக்கும் நாளைக்கும் மட்டும் பொறுத்துக்க" என்றாள்.

"அத உள்ள இருக்க பிள்ளைட்ட சொல்லு, நாளக்கழிச்சி வரச்சொல்லி" என்றாள் மருத்துவச்சி.

முனகல் கேட்டு, கோவில்பட்டி அத்தை முன்னறையிலிருந்து "அங்கன என்ன சத்தம்?" என்றார்.

"பக்கத்து வீட்டுல மாடு கன்னு போடுது மதினி" என்றாள் அம்மா.

மத்தியானம் பிள்ளை பிறந்தது. அக்காவின் வாயை அடைத்தாயிற்று, அதன் வாயை யார் அடைப்பது? வீடு முழுக்கக் கேட்க அழுதது.

அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்றார். "மூணு பெத்தவ நான். மாடு கத்துததுக்கும் பொண்ணு கத்துததுக்கும் வித்தியாசம் தெரியாதா தாயி? காலையிலயே சொல்லியிருந்தா கடக்கரைக்குப் போயிருப்போம்லா. பாவம், இவ வாய்விட்டுக் கத்தியிருப்பா."

அவர்கள் கோபமில்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு கடற்கரை மணலுக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குச் சமைக்கக் கொண்டுவந்திருந்த அரிசியை மட்டும் எடுத்துப் போகவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் வரவில்லை. அடுத்த இரண்டு பிரசவத்துக்கும் அக்காவும் வரவில்லை.

போன மாதம் அக்காவும் நானும் ஊருக்குப் போனோம். ஜட்காக்கள் இல்லை, துணி காயப்போட்ட முற்றம் இல்லை; கைமாறிய எங்கள் வீடு இப்போது ஒரு லாட்ஜ். அதிலேயே தங்கிப் பார்ப்போமே என்று உள்ளே போனோம். மேஜையில் இருந்தவர் எங்களை வெளியூர்க்காரர்கள் என்று நினைத்து, "பின்பக்கத்து ரூம எடுத்துக்கோங்கம்மா. என்ன நடந்தாலும் சத்தமே கேக்காது" என்று சாவியை நீட்டினார். முன்பு அடுப்படி இருந்த இடம்.

அக்கா சாவியை வாங்கவில்லை.

"கேக்கும் தம்பி" என்றாள். "வேற ரூம் இருந்தா குடுங்க."