மாமா கட்டிய எஞ்சின்

சூடேறிய இரும்பின் மேல் எண்ணெய் கருகும் வாடை எங்கே வந்தாலும் எனக்குக் கை குறுகுறுக்கும். ஃப்ரீவே ஓரத்தில் யாரோ பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செய்வதறியாமல் நிற்பார். புகை எழும். என் கணவர் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அந்த வாடைக்குள் எனக்கு எப்போதும் ஒன்பது வயது.

அம்மாவின் தம்பி அமெரிக்காவில் எங்கள் சுகர் லேண்ட் வீட்டில் தங்கித்தான் எம்.எஸ். முடித்தார். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மோட்டார் பைத்தியம் ரத்தத்திலேயே உண்டு என்று அம்மா பெருமையாகச் சொல்வாள், அப்பா நக்கலாகச் சொல்வார். எண்ணெய்க் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகச் சொன்னால் மாமா பக்கத்து ஊரான ரோசன்பெர்க் தாண்டி ஒரு டயர் கடைக்குப் போய்விடுவார். கடைக்காரக் கிழவரிடம் ஒரு ஸ்டாக் கார் இருந்தது. ரோட்டில் ஓடும் சாதாரணக் கார்தான். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு, கம்பிக் கூண்டு பொருத்தி, மண் தடத்தில் வட்டமாக விரட்டுவார்கள். கிழவர் ஓனர். அவர் மருமகன் டிரைவர். சம்பளமில்லாமல் எஞ்சின் கட்டுகிறவர் மாமா.

"எம்.எஸ். முடிச்சுப்போட்டு ஓசியில கிரீஸ் தொடைக்கிறான் உன்ற தம்பி" என்பார் அப்பா, மாமா காதில் விழும்படி.

கடைச் சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படங்கள். ரேஸின் ஆரம்ப காலத்து ஆட்கள். அவர்களில் சிலர் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், போலீஸை முந்துவதற்காகவே எஞ்சினை முறுக்கேற்றக் கற்றவர்கள் என்று மாமா சொல்வார், சொந்தக்காரர் கதை சொல்வது போல, கொஞ்சம் வெட்கத்தோடும் நிறையப் பெருமையோடும். ஒவ்வொரு படத்திலும் கோப்பையோடு டிரைவர் நடுவில் சிரிப்பார். தொப்பியோடு ஓனர் பக்கத்தில். ஓரத்தில் பாதித் தோள் மட்டும் விழுந்து இன்னொரு ஆள். மாமாவின் விரல் அந்தத் தோளில்தான் போய் நிற்கும்.

"டிரைவர் பேரு ஊருக்கே தெரியும் கண்ணு. இவன்தான் எஞ்சின் கட்டுனவன். இவன் பேரு போட்டோ புடிச்சவனுக்கே தெரியாது."

"அப்ப நீங்களும் டிரைவர் ஆகலாம்ல?"

"ஓட்டறதுக்கு ஆயிரம் பேரு இருக்கான், போ."

படிப்புக்குப் பிறகு வேலை பார்க்கக் கிடைத்த ஒரு வருடம் அவருக்கு முடியப்போகிறது. கிழவர் வாக்குக் கொடுத்திருந்தார்: சீசனின் கடைசி ரேஸைக் கார் நல்லபடியாக முடித்தால் மாமாவைக் கடையில் சேர்த்துக்கொண்டு விசாவுக்குப் பேப்பர் போடுவார். இல்லாவிட்டால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். அந்த எஞ்சினை மாமா நான்கு மாதம் கட்டினார். ஒவ்வொரு உறுப்பையும் கழுவித் துடைத்து, குழந்தையைத் துவட்டுவது போலத் துவட்டி உள்ளே வைத்தார். மேலே திறந்திருந்த கார்புரேட்டரை எனக்குக் காட்டி, "இதுதான் இதோட வாய். காத்து இது வழியாத்தான் உள்ள போகும்" என்றார்.

ரேஸ் அன்று மத்தியானம் அம்மா என் கையில் மருதமலைத் திருநீற்றுப் பொட்டலத்தைத் திணித்தாள். "வண்டிக்குத் துன்னூறு வெச்சு உடு. உங்க மாமன் வெள்ளைக்காரங்க முன்னால கூச்சப்படுவான்."

தடத்தின் ஓரத்தில் கார் பானெட் திறந்து நின்றது. மாமா கார்புரேட்டர் மேல் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பானர் எடுக்கப் போயிருந்தார். முன் கம்பியில் மூன்று பட்டை இழுத்தேன். நெற்றி ஆயிற்று. எனக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா நெற்றியில் பூசிவிட்டு வாயிலும் ஒரு சிட்டிகை போடுவாள். அதுதான் முறை. சிட்டிகை எனக்குத்தானே, இத்தனை பெரிய எஞ்சினுக்கு அது எந்த மூலைக்கு? டயரில் ஏறி நின்று பொட்டலம் முழுவதையும் அதன் வாயில் கொட்டினேன். "முருகா, மாமா இங்கயே இருக்கணும்" என்றும் வேண்டிக்கொண்டேன். யாரோ கூப்பிட மாமா ஓடி வந்து, பார்க்காமலே மூடியைத் திருகினார்.

பதினோராவது சுற்றில் கார் இருமியது. அப்புறம் புகை. டிரைவர் இறங்கி ஹெல்மெட்டைப் புழுதியில் எறிந்தார். மாமா மூடியைக் கழற்றினார். உள்ளே பெட்ரோலில் குழைந்து வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் வழித்து முகர்ந்தார். திரும்பி என் கைகளைப் பார்த்தார்.

திருநீறு கையில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்தேன். "துன்னூறு பத்தலையா மாமா?" என்று கேட்டேன்.

"போதும் கண்ணு" என்றார். "போதும்."

கிழவர் நடந்து வருவதற்குள் துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். தப்பு தன்னுடையது என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். கிழவர் நல்ல மனிதர்தான். "உன்னை எனக்குப் பிடிக்கும், சன். ஆனால் இனி என் காரை உன்னிடம் கொடுக்க முடியாது" என்று சொல்லி, கையும் குலுக்கிவிட்டுப் போனார்.

பத்து வருடம் கழித்து, என் முதல் காருக்கு ஃபில்டர் மாற்றிய மெக்கானிக் பேச்சுவாக்கில் சொன்னார், உள்ளே தூசி போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரி எஞ்சினைத் தின்றுவிடும் என்று. சாவியை வாங்க மறந்து நின்றேன். அதற்குள் மாமா கோயம்புத்தூர் பீளமேட்டில் பம்ப்செட் விற்றுத் தலை நரைத்திருந்தார். "ஒரு எஞ்சின் ஒழுங்காக் கட்டத் தெரியல, அமெரிக்கா கேக்குது" என்று அப்பா விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். அவர்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்தவள் நான். அன்றைக்கு முருகன் கைவிட்டுவிட்டான் என்று அம்மா இன்றும் சொல்கிறாள். நான் வாய் திறந்ததில்லை. மாமா மன்னித்தாரா என்று தெரிந்துகொள்ள ஒரு முறையாவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். போனில் அவர் மழை பெய்ததா என்று கேட்பார், பெய்தது என்பேன்.

மாமா ஊருக்குக் கிளம்பிய அன்று நாங்கள் வழியனுப்பப் போனோம். அப்போதெல்லாம் விமானம் ஏறும் வாசல் வரை நாமும் போகலாம். அப்பா, "ஊர்ல போயாவது உருப்படியா ஏதாச்சும் பாரு மாப்ள" என்று தோளில் தட்டினார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். மாமா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்து, மறுபடி மூடினார்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிப்போடாத கண்ணு."

"எதை மாமா?"

எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. நல்லாப் படி."