கரண்ட் போன பிறகு மூடிய இயந்திரம்

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். பழவேற்காடு ஏரிக்கரையில் கருவாடு பாக்கெட் போடும் சிறிய கூடமொன்றில் நான் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் எனக்கு மனம் ஆறாது.

பாக்கெட்டின் வாயை ஒட்ட எங்களிடம் ஓர் இயந்திரம் உண்டு. காலால் பெடலை மிதித்தால் மேல் பட்டை இறங்கிப் பாக்கெட்டை அழுத்தும். காலை எடுத்தால் ஏறிவிடும். அன்று கரண்ட் போன நேரத்தில் ஒரு பாக்கெட் கசங்கி உள்ளே சிக்கிக்கொண்டது. பட்டையின் சூடு ஆறட்டும் என்று காத்திருந்தோம். மெயின் சுவிட்சையும் நானே அணைத்துவிட்டு, கூட வேலை செய்யும் பெண்ணிடம், "இப்ப கைய விட்டு எடும்மா" என்றேன்.

அவள் விடியற்காலையில் ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். பாதிக் குடும்பம் அந்த விரல்களில்தான் ஓடுகிறது. குனிந்து கையை விட்டாள். பட்டை படக்கென்று இறங்கியது.

"அய்யோ அக்கா! வெரலு! வெரலு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடிப்போய் சுவிட்சைப் பார்த்தேன்; அணைந்துதான் இருந்தது. விசிறியைப் பார்த்தேன், அதுவும் நின்றிருந்தது. ஒருவேளை போட்டால் திறக்குமோ என்று மறுபடி சுவிட்சில் கை வைத்தேன்.

"போடாதக்கா! கரண்டு வந்துச்சுனா வெந்துடும்!"

வேறு வழி தெரியாமல் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அவள் கால் வழுக்கியது. புஸ்ஸென்று ஒரு சத்தம். பட்டை தானாக ஏறியது. இருவரும் தரையில் விழுந்து கிடந்தோம்.

"இன்னாக்கா இது, பேயா?" என்றாள். எனக்கும் அதைவிட நல்ல காரணம் தோன்றவில்லை.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "கரண்டு போனா இன்னாக்கா? பட்டைய இறக்குறது காத்து. அதான் கம்ப்ரஸர் டேங்க்ல ரொம்பி நிக்குதுல்ல? குனியறப்ப தெரியாம பெடல மிதிச்சிருப்பாங்க" என்றார்.

வலியில் அவள் இன்னும் அழுத்தி மிதித்திருக்கிறாள். நான் சுவிட்ச், விசிறி என்று எல்லாவற்றையும் பார்த்தேன். அவள் காலைப் பார்க்கவில்லை.

பட்டையில் ரப்பர் இருந்ததால் எலும்பு தப்பியது. வீக்கம் வற்றும்வரை அவள் ஏரியில் இறங்கவில்லை. "எறாலுக்குதாங்கா கொண்டாட்டம்" என்று சிரித்தாள்.

இப்போதெல்லாம் சுவிட்சை அணைத்த பிறகு, டேங்கின் அடித் திருகைத் திறந்து, காற்றின் சத்தம் முழுதும் ஓயும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். ஆனாலும் கரண்ட் போய்க் கூடம் அமைதியாகும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது: நின்றுவிட்டது என்று நான் முடிவு கட்டியவற்றுக்குள் இன்னும் என்னென்ன நிரம்பிக் கிடக்கிறதோ என்று.