ஏழு மாட்டுக்கும் ஒரே நாளில்

என் தங்கை எனக்கு இரண்டு லட்சம் கடன்பட்டிருந்தாள். அண்ணன் தங்கைக்குள் என்ன கடன் என்று கேட்பவர்களுக்கு என்னையும் தெரியாது, அவளையும் தெரியாது. நான் படித்தது நாலாம் வகுப்பு. பஞ்சர் ஒட்டி ஒட்டியே இன்றைக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் மூன்று ஷட்டர் வைத்த டயர் கடை போட்டிருக்கிறேன். எனக்கு எவனும் சும்மா கொடுத்ததில்லை, நானும் எவனுக்கும் சும்மா கொடுத்ததில்லை. வீம்பில் அவள் எனக்கும் ஒரு படி மேல்.

அவள் புருஷன் வெளியூரில் வேலை என்று போனவர், போனவர்தான். "என் வீட்டு மாடியில வந்து இரு" என்றேன்.

"உன் சோத்தைத் தின்னுட்டு, அண்ணி மூஞ்சி எப்படி இருக்குன்னு தினமும் பாத்துக்கிட்டு இருக்கணுமா? கடனாக் குடு. மாடு வாங்கிக்கறேன். கட்ட முடியலைன்னா கொட்டகையை வித்துக் குடுத்துட்டு நானே மாடிக்கு வரேன்."

அது அவளே போட்ட நிபந்தனை. அதற்குப் பிறகு அவள் பயந்தது சாவுக்கல்ல, என் வீட்டு மாடிப்படிக்குத்தான்.

ஊர்க்கோடியில் தகரக் கொட்டகை, பின்னால் கம்பிவேலி போட்ட புல்தரை, ஏழு மாடு. அவளே கறப்பாள், கேன்களை அவளே வண்டியில் கட்டுவாள். ஒரு டீக்கடை, ஒரு ஹாஸ்டல், மீதியெல்லாம் வீடுகள். அவள் பாலில் தண்ணீர் என்று இதுவரை ஒரு வாய் சொன்னதில்லை. எங்கள் ரத்தம் அப்படி.

மாட்டுக்கு உண்ணி ஒன்றும் புதிதல்ல. கறக்கும்போதே கண்ணில் பட்டதைப் பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவாள், அத்தோடு சரி. ஆனால் அந்த வருஷம் வந்தது வேறு மாதிரி. எள்ளுப் போலப் பொடிசு. காதுக்குள், வால் அடியில், மடி இடுக்கில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. காலையில் பிடுங்கினால் சாயங்காலம் அதே இடத்தில் மறுபடியும். டப்பா நிறைந்ததே தவிர மாடு தேறவில்லை.

கால்நடை டாக்டரம்மா வந்தார். என் கடைசி மகளைவிடச் சின்ன வயசு. ஒரு உண்ணியை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"இது நம்ம பக்கத்து உண்ணி இல்லைக்கா. வெளியிலேர்ந்து வந்தது. மாட்டு லாரி போற வழியெல்லாம் பரவிக்கிட்டு இருக்கு. இதுக்கு ஆணே வேணாம். ஒரு பொட்டை வந்து சேர்ந்தாப் போதும், தானா முட்டை வைக்கும்."

"அப்ப என்னை மாதிரிதான்" என்றாள் என் தங்கை. "புருஷன் இல்லாமலே குடும்பம் நடத்துது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. முதுகில் ஊற்றும் மருந்தைக் கொடுத்து, எப்படி ஊற்றுவது என்று சொல்லி, ஊற்றிய மாட்டின் பாலைத் தான் சொல்லும் நாள்வரை யாருக்கும் விற்கக் கூடாது என்று இரண்டு தடவை அழுத்திவிட்டுப் போனார்.

பால்காரர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் அவளும் செய்தாள். முதலில் மூன்று மாட்டுக்கு ஊற்றினாள். அந்தப் பாலை விற்கக் கூடாத நாள் முடிந்ததும் மற்ற நாலுக்கு. கேன் அடியோடு காலியாகாது, வாடிக்கை கலையாது, தவணையும் நிற்காது. கெட்டிக்காரி என்று நானே மெச்சினேன்.

மறுமாதம் செவலை படுத்துவிட்டது. ஏழில் அதுதான் அதிகம் கறப்பது. தகவல் தெரிந்து கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். என் தங்கை அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

டாக்டரம்மா வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எல்லாத்துக்கும் ஒரே நாள்ல ஊத்துனீங்களா?"

"முதல்ல மூணுக்கு, அப்புறம் நாலுக்கு" என்றாள் என் தங்கை.

"மூணுல இருந்தது செத்துச்சு, மிச்சம் நாலுல இருந்தது உக்காந்து தின்னுச்சு. அதுல வயிறு நிறைஞ்சது புல்லுல விழுந்து முட்டை வெச்சிடுச்சு. நீங்க மருந்து ஊத்தலைக்கா, அதுக்குப் பந்தி மாத்தி விட்டிருக்கீங்க."

"செவலைக்கு ஊசி எதாச்சும்..."

"ரத்தத்துல கிருமி ஏறிடுச்சு. அதைக் கொல்ல எங்கிட்ட மருந்து இல்லை. நடக்க விடாதீங்க. நிழல், தண்ணி, தீனி. தாங்குனா தாங்கும்."

பிறகு ஒரு வெள்ளைப் போர்வை கேட்டார். அதை விரித்து, இரண்டு முனையில் கயிறு கட்டி, புல்தரைமேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். வேலி வரை போய்ப் போர்வையைத் திருப்பிக் காட்டினார். மிளகுத்தூளைத் தூவிவிட்டது போல் இருந்தது. அந்தத் தூள் நகர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஊறல் எடுத்தது. லாரி அடியில் படுத்துப் பாம்பைத் தள்ளிவிட்டு வேலை பார்த்தவன் நான், அன்றைக்கு வேட்டியை மடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடி வந்தேன்.

இனி மாடுகள் புல்தரையை மிதிக்கக் கூடாது, ஏழுக்கும் ஒரே நாளில் மருந்து, பால் அத்தனையும் வீண். டாக்டரம்மா சொன்னது இதுதான். தீனியை விலைக்கு வாங்கவேண்டும், கையில் வரவு ஒரு காசு கிடையாது. இந்தப் பக்கம் என் தவணை.

அன்று மத்தியானமே மாட்டுத் தரகர் லாரியோடு வந்து நின்றார். பிணவாடை பிடித்துக் கழுகு வருமே, அந்த மாதிரி.

"படுத்தது கிடக்கட்டும்மா. நிக்கிற ஆறையும் ஏத்திக்கறேன். ராத்திரிக்குள்ள ரெண்டு ஜில்லா தாண்டிடும். உங்க அண்ணன் கடனுக்குச் சரியா வரும்."

"உண்ணியோடயா?"

"உண்ணிக்குன்னு விலையில கழிக்க மாட்டேன்."

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வித்துடு" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். போகிற சரக்கைப் பிடித்து வைப்பவன் வியாபாரி அல்ல.

"எறக்குற எடத்துல எவளோ ஒருத்தி கடன் வாங்கித்தான் இதைக் கட்டுவா. அவளுக்கு மாடி வீட்டு அண்ணன் இருக்கானோ என்னவோ" என்றாள். திரும்பித் தரகரிடம், "லாரியைத் திருப்புங்க. டயர்ல புல்லு ஒட்டியிருந்தாத் தட்டிட்டுப் போங்க."

மறுநாள் கழுத்திலிருந்து வால்வரை ஏழு முதுகிலும் மருந்து ஊற்றினாள். செவலைக்குப் படுத்த வாக்கிலேயே ஊற்றினாள். அதன்பின் வண்டியை எடுத்துக்கொண்டு வாடிக்கை வீடுகளுக்கெல்லாம் நேரில் போனாள். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன்.

டீக்கடைக்காரர் கரண்டியை நிறுத்தாமல், "பால் இல்லாம நான் என்ன, வெந்நீரை ஆத்தவா? மருந்துன்னு எங்கிட்ட எதுக்குச் சொல்றே? கமுக்கமா ஊத்திட்டுப் போயிருந்தா எனக்குத் தெரியவா போகுது?" என்றார்.

"உனக்குத் தெரியாது. ஹாஸ்டல் பசங்க வயித்துக்குத் தெரியும்."

"அப்ப பாக்கெட் பாலுக்குப் போயிடுவேன். அப்புறம் வந்து நிக்காதே."

"போ. உன் டீயைக் குடிச்சிட்டு ஜனங்களே என்னைத் தேடி வரும்."

வாய்தான் அப்படி. வண்டி தெருமுனை திரும்பியதும் நிறுத்திவிட்டு, ஹேண்டிலைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

கறந்த பாலை அவளே குழியில் ஊற்றினாள். வெள்ளையாகக் குழி நிறைவதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் வீட்டில் என் மனைவி மாடி அறையைப் பெருக்கி, திரைச்சீலை துவைத்துப் போட்டுவிட்டாள். நல்ல மனசோடுதான் செய்தாள். அதை எப்படியோ கேள்விப்பட்டுத் தங்கை ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை.

செவலை பிழைக்கவில்லை. தலையை அவள் மடியில் வைத்துத்தான் போனது. "எந்திரிடி, எந்திரிடி" என்று கடைசிவரை அதட்டிக்கொண்டே இருந்தாள். புதைக்கக் குழி வெட்டியவர்களுக்கு நான் கூலி கொடுக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டாள்.

மற்ற ஆறின் உதட்டையும் தினமும் தூக்கிப் பார்த்தோம். டயரில் காற்று பார்த்துப் பழகிய கண் என்னுடையது, ஒரு நூல் வித்தியாசம் தெரியும். முதலில் கோணக்கொம்பு மாட்டின் ஈறில் லேசாக ரோஜா நிறம் ஏறியது. "அண்ணே, சரியாப் பாரு, சும்மா சொல்லாதே" என்றாள். நான் சும்மா சொல்பவனா? பிறகு ஒவ்வொன்றாகத் தீனியில் வாய் வைத்தன. புல்தரையை ஒட்ட வெட்டி வெயிலில் காயவிட்டு, டாக்டரம்மா சொன்ன நாளிலெல்லாம் மறுபடி மறுபடி எல்லா மாட்டுக்கும் சேர்த்தே மருந்து ஊற்றி, போர்வையை இழுத்து இழுத்துப் பார்த்தாள். போர்வை வெறும் போர்வையாகத் திரும்பி வந்த அன்றைக்குக்கூட மாட்டை அவிழ்த்துவிடவில்லை. அடுத்த மழை கழித்துத்தான் விட்டாள்.

ஹாஸ்டல் வார்டன்தான் முதலில் கூப்பிட்டனுப்பினார். மருந்து என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே பால்காரி என்பதால் என்றார். வீடுகள் ஒன்றிரண்டாகத் திரும்பின. டீக்கடைக்காரர் கடைசியாக, எதுவுமே நடக்காத மாதிரி, "நாளைக்கு ரெண்டு கேன்" என்று ஆள் அனுப்பினார். அவள் ஒரு கேன்தான் கொடுத்தாள். எங்கள் ரத்தம் அப்படி.

தவணைகள் தள்ளித் தள்ளி வந்தன, ஆனால் வந்தன. பாதிக் கடனைத் தள்ளுபடி செய்கிறேன் என்று நான் சொன்ன அன்று, காபியைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

ஒருநாள் கடையில் லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முன்னால் வந்து நின்று, "கையை நீட்டு" என்றாள்.

"கையெல்லாம் கிரீஸ். கல்லாவுல வெச்சிட்டுப் போ."

"கல்லாவா எனக்குக் குடுத்துச்சு? நீட்டு."

லாரிக்காரர், வேலையாட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீட்டினேன். கடைசித் தவணை. விரலை எச்சில் தொட்டுக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி எண்ணி எண்ணி, கிரீஸ் படிந்த என் உள்ளங்கையில் நோட்டு நோட்டாக வைத்தாள்.